முதல் வாசகர் எங்கே? - அமெச்சூர் பத்திரிகைக்காரர்களின் கதை

எழுதத் தெரிந்தவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். ஆனால் எழுதியதைப் படிக்க ஆள் கிடைப்பது எல்லாக் காலத்திலும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கிறது! புதிதாக எழுத வந்தவரை யாருக்கும் தெரியாது. தெரியாதவர் எழுதியதை யாரும் எடுத்துப் படிப்பதில்லை. யாரும் படிக்காததால் அவரை யாருக்கும் தெரிய வருவதும் இல்லை. இந்த வட்டத்தை எங்கே உடைப்பது?

ஏறக்குறைய 150 வருடங்களுக்கு முன்பு, அமெரிக்காவில் மீசை கூட முளைக்காத பையன்கள் சிலர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வழி ரொம்ப எளிது: "உன் வாசகனாக நான் இருக்கிறேன், என் வாசகனாக நீ இரு." இந்த ஒரு ஏற்பாட்டின் மேல் ஒரு பெரிய சங்கமே எழுந்தது. அதில் நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த ஒரு மனிதரை அது எழுத்தாளராக்கியது. தோலின் நிறத்தைப் பார்த்து ஒரு இளைஞரை விரட்டப் பார்த்தவர்களும் அதற்குள் இருந்தார்கள். அந்தக் கதைதான் இது.

மேஜை மேல் ஒரு அச்சகம்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தது. அதற்கு முன்பே சில சிறுவர்கள் சொந்தமாகப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார்கள். மேய்ன் மாநிலத்தின் போர்ட்லாண்ட் நகரில் சைரஸ் கர்ட்டிஸ் என்ற சிறுவர் 'யங் அமெரிக்கா' என்ற பத்திரிகையை அச்சடித்து விற்றார். 1866-ல் அந்த நகரைச் சாம்பலாக்கிய பெரும் தீயில் அவருடைய அச்சு இயந்திரமும் போனது. பின்னாளில் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்', 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' ஆகிய பத்திரிகைகளின் அதிபராகி, அமெரிக்காவின் பெரிய பணக்காரர்களில் ஒருவரானவர் இவர்தான்.

ஆனால் அச்சு இயந்திரம் அன்றைக்கு எல்லாச் சிறுவர்களுக்கும் எட்டுகிற பொருள் அல்ல. 1860களின் இறுதியில் நிலைமை மாறியது. பாஸ்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வுட்ஸ் என்பவர் மேஜை மேல் வைத்து இயக்கக்கூடிய சிறிய அச்சு இயந்திரத்தை 'நாவல்ட்டி பிரஸ்' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார். கடைக்காரர்கள் விலைச்சீட்டும் துண்டு விளம்பரமும் அடிப்பதற்காக வந்த இயந்திரம் இது. சிறுவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்! 1870களில் கனெக்டிகட்டிலிருந்து வில்லியம் கெல்சியின் 'எக்செல்சியர்' இயந்திரமும் போட்டிக்கு வந்தது. விளைவு, ஊர் ஊராக நூற்றுக்கணக்கான சிறுவர் பத்திரிகைகள். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய தாளில் நான்கு பக்கமோ எட்டுப் பக்கமோ இருக்கும். எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கையால் கோர்த்து அடித்தவை.

பெண் குழந்தைகளும் சளைக்கவில்லை. லூயிசா மே ஆல்காட் 1868-ல் வெளியிட்ட 'லிட்டில் விமன்' நாவலில் நான்கு சகோதரிகள் வீட்டுக்குள்ளேயே ஒரு பத்திரிகை நடத்துவார்கள். அதைப் படித்த பென்சில்வேனியாவின் லூக்கன்ஸ் சகோதரிகள் 1871-ல் 'லிட்டில் திங்ஸ்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார்கள். முதலில் கையெழுத்துப் பத்திரிகை. பிறகு அச்சு இயந்திரம் வாங்கி, எழுத்துக் கோர்க்கும் வேலையையும் தாங்களே கற்றுக்கொண்டார்கள். ஆல்காட்டுக்கே கடிதம் எழுதினார்கள். அன்றைக்கு அமெரிக்காவின் மிகப் பிரபலமான எழுத்தாளர்களில் ஒருவரான அவர் பதில் போட்டார், ஊக்கம் கொடுத்தார். அந்தக் கடிதத் தொடர்பு பல வருடங்கள் நீடித்தது.

லூக்கன்ஸ் சகோதரிகளுக்கு ஆல்காட் கிடைத்தார். எல்லோருக்கும் ஆல்காட் கிடைப்பாரா? மற்றவர்கள் என்ன செய்வது?

பண்டமாற்று

அமெச்சூர் பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்த பதில், பண்டமாற்று. ஓஹையோவில் இருக்கும் பையன் தன் பத்திரிகையை நியூயார்க்கில் இருக்கும் பையனுக்கு அனுப்புவான். பதிலுக்கு அவன் தன்னுடையதை அனுப்புவான். இரண்டு பேருக்கும் காசு வராது. ஆனால் இரண்டு பேருக்கும் வாசகர் கிடைத்தாயிற்று!

இதில் இன்னொரு லாபமும் இருந்தது. வந்து சேர்ந்த பத்திரிகைகளைப் பற்றித் தன் பத்திரிகையில் நாலு வரி விமர்சனம் எழுதுவது வழக்கமானது. "இந்த மாதம் இன்னார் பத்திரிகை வந்தது, கதை நன்றாக இருந்தது, பிழைகள் அதிகம்" என்கிற மாதிரி. அந்த நாலு வரியைப் படிக்கும் மூன்றாவது ஆளுக்கும் புதியவரின் பெயர் தெரிந்துவிடும். விளம்பரத்துக்குப் பணம் இல்லாத உலகத்தில் இதுதான் விளம்பரம்.

1876 ஜூலை 4. அமெரிக்க சுதந்திரத்தின் நூற்றாண்டு. பிலடெல்பியாவில் மாபெரும் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. அதைச் சாக்காக வைத்துப் பல ஊர்களிலிருந்தும் இந்த இளம் ஆசிரியர்கள் அங்கே கூடினார்கள். அதுவரை தபாலில் மட்டுமே பழகியவர்கள் முதல் தடவையாக முகம் பார்த்துக்கொண்டார்கள். அங்கே பிறந்ததுதான் தேசிய அமெச்சூர் பத்திரிகைச் சங்கம். தலைவர், துணைத் தலைவர், அதிகாரபூர்வ ஏடு, ஆண்டு மாநாடு, தேர்தல் எல்லாம் உண்டு. தேர்தல் என்றால் கட்சியும் உண்டு, சண்டையும் உண்டு. பெரியவர்கள் அரசியலில் செய்வதை எல்லாம் பையன்கள் இங்கே ஒத்திகை பார்த்தார்கள்.

1879: இரண்டு அடிகள்

மூன்று வருடம் கழித்து ஒரே வருடத்தில் இந்தச் சங்கத்துக்கு இரண்டு சோதனைகள் வந்தன. ஒன்று வெளியிலிருந்து, மற்றொன்று உள்ளிருந்து.

முதலாவது, தபால் சட்டம். 1879 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் தபால்களை வகை பிரித்தது. பத்திரிகைகளுக்கு இரண்டாம் வகை. மொத்தமாக எடை போட்டு ராத்தலுக்கு 2 சென்ட் கட்டினால் போதும். ஆனால் அந்தச் சலுகைக்கு நிஜமான சந்தாதாரர் பட்டியல் வேண்டும். இலவசமாகக் கொடுக்கும் பத்திரிகைக்கு அது கிடையாது. பண்டமாற்றில் ஓடிய பத்திரிகைகளுக்கு ஏது சந்தாதாரர்? அவை மூன்றாம் வகைக்குத் தள்ளப்பட்டன. அங்கே ஒவ்வொரு பிரதிக்கும் குறைந்தது 1 சென்ட். அரை அவுன்ஸ் எடையுள்ள தாள் என்று வைத்துக்கொண்டால் ஒரு ராத்தலுக்கு 32 பிரதிகள். 2 சென்ட்டில் போக வேண்டியது 32 சென்ட் ஆகிறது! பையன்களின் கைச்செலவுக் காசில் இது பெரிய துண்டு. சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தும் சட்டம் மாறவில்லை. பல பத்திரிகைகள் நின்றுபோயின.

இரண்டாவது சோதனை பணத்தைப் பற்றியது அல்ல. சின்சினாட்டி நகரிலிருந்து 'லெ பிஜூ' என்ற பத்திரிகையை நடத்தியவர் ஹெர்பர்ட் கிளார்க். கறுப்பின இளைஞர். அவருடைய பத்திரிகைக்கு நல்ல பெயர் இருந்தது. 1879-ல் அவர் சங்கத்தின் துணைத் தலைவர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தென்மாநில உறுப்பினர்கள் சிலருக்கு அது பொறுக்கவில்லை. எழுத்தைப் படித்தபோது வராத கோபம், எழுதியவரின் நிறம் தெரிந்ததும் வந்தது. கறுப்பினத்தவரைச் சேர்க்கக்கூடாது என்று கோரித் தனி அமைப்பே தொடங்கினார்கள்!

தபால் உறைக்குள் முகம் தெரியாது. முகம் தெரியாத இடத்தில் எழுத்து மட்டும் பேசும், அதுதான் அமெச்சூர் பத்திரிகையின் பெருமை என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். பெருமை பேசியவர்களில் எத்தனை பேருக்கு அது நிஜமான கொள்கை என்பதைக் கிளார்க்கின் விவகாரம் காட்டிக்கொடுத்தது. வாசகரைத் தருகிற சமூகம் வாசகரை மறுக்கவும் செய்யும்.

புதியவருக்கு என்ன கிடைத்தது?

1895-ல் இன்னொரு சங்கம் உருவானது: ஐக்கிய அமெச்சூர் பத்திரிகைச் சங்கம். தொடங்கியவர் வில்லியம் கிரீன்ஃபீல்ட். அப்போது அவருக்கு வயது 14!

இந்தச் சங்கத்தின் விசேஷம் புதியவர்களை நடத்திய முறையில் இருந்தது. முந்தைய தலைமுறையில் சொந்த இயந்திரம் வைத்திருப்பவன்தான் ராஜா. இயந்திரம் இல்லாதவன் என்ன எழுதினாலும் அது பெட்டிக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். ஐக்கிய சங்கம் இதை ஒரு குறையாகவே பார்த்தது. 1910களில் அங்கே இருந்த ஏற்பாடுகளைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

முதலில், சேரும்போதே சொந்தமாக எழுதிய ஒரு படைப்பைக் கொடுக்க வேண்டும். கதையோ கவிதையோ கட்டுரையோ, எதுவானாலும் சரி. அதாவது உள்ளே நுழையும்போதே அவர் எழுத்தாளர்.

இரண்டாவது, புதியவரின் பெயரும் முகவரியும் சங்க ஏட்டில் அச்சாகும். பழைய உறுப்பினர்கள் அதைப் பார்த்துத் தங்கள் பத்திரிகைகளை அனுப்புவார்கள், வரவேற்றுக் கடிதம் எழுதுவார்கள். புதியவர்களின் எழுத்துக்காகவே 'தி நியூ மெம்பர்' என்ற பெயரில் ஒரு பத்திரிகை கூட இருந்தது.

மூன்றாவது, கையெழுத்துப் பிரதி நிலையங்கள். கிழக்குப் பகுதிக்கு ஒன்று, மேற்குப் பகுதிக்கு ஒன்று. அச்சு இயந்திரம் இல்லாதவர்கள் தங்கள் படைப்பை இங்கே அனுப்பலாம். பத்திரிகை வைத்திருந்து, பக்கம் நிரப்ப விஷயம் தேடுகிறவர்கள் இங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு கல்யாணத் தரகர் மாதிரி!

நான்காவது, விமர்சனம். தனி விமர்சனம் என்றால் அச்சுக்குப் போகும் முன்பே ஒருவர் பிரதியைப் படித்துத் திருத்திக் கொடுப்பார். பொது விமர்சனம் என்றால் வெளிவந்த பத்திரிகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதில் எழுதியவர்களைப் பெயர் சொல்லி, குறை நிறைகளைச் சங்க ஏட்டில் எழுதுவார்கள். மோசமான விமர்சனமாகவே இருந்தாலும் ஒன்று மட்டும் நிச்சயம். யாரோ ஒருவர் அதை முழுதாகப் படித்திருக்கிறார்.

நன்றாக யோசித்தால் இந்த நான்கில் எதுவுமே கூட்டம் சேர்க்கும் வேலை அல்ல என்பது புரியும். புதியவரின் எழுத்தை ஒரு ஆளாவது கட்டாயம் படிக்க வேண்டும், படித்ததைச் சொல்ல வேண்டும் என்பதற்கான ஏற்பாடுகள்தான் எல்லாம். மற்றது அதிலிருந்து தானாக வளரும் என்று நம்பினார்கள்.

பிராவிடன்ஸ் நகரத்து இளைஞர்

அந்த நம்பிக்கைக்குப் பெரிய சாட்சி ஒருவர் உண்டு. எச். பி. லவ்கிராஃப்ட். திகில் இலக்கியம் படிப்பவர்களுக்கு அறிமுகமே தேவையில்லாத பெயர்.

ஆனால் 1914-ல் அவரை யாருக்கும் தெரியாது. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரம். வயது 23. தந்தை இல்லை. 1908-ல் நரம்புத் தளர்ச்சி ஏற்பட்டுப் பள்ளிப் படிப்பை முடிக்காமலேயே நின்றவர். அதன் பிறகு ஐந்து வருடங்கள் கிட்டத்தட்ட வீட்டோடு முடங்கிக் கிடந்தார். வேலை இல்லை, நண்பர்கள் இல்லை. படித்துக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான்.

1913-ல் 'ஆர்கசி' என்ற ஜனரஞ்சகப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் தொடர்ந்து காதல் கதை எழுதிவந்த ஃப்ரெட் ஜாக்ஸன் என்பவரைத் தாக்கிய கடிதம். ஜாக்ஸனின் ரசிகர்கள் சும்மா விடுவார்களா? வாசகர் கடிதப் பக்கத்தில் பெரிய யுத்தமே நடந்தது. ஃப்ளோரிடாவைச் சேர்ந்த ஜான் ரஸ்ஸல் செய்யுளிலேயே பதில் எழுத, லவ்கிராஃப்டும் செய்யுளிலேயே திருப்பி அடித்தார்.

இந்தச் சண்டையை ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார். ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த எட்வர்ட் டாஸ். "சண்டை போடுகிறவர்கள் இருவருக்கும் எழுதத் தெரிகிறது" என்பதுதான் அவர் கண்ணில் பட்டது போலும். இருவரையுமே சங்கத்தில் சேர அழைத்தார். 1914 ஏப்ரலில் லவ்கிராஃப்ட் சேர்ந்தார். அதே வருடம் ஜூலையில் 'தி நியூ மெம்பர்' பத்திரிகையில் அவருடைய கட்டுரை வந்தது. வருடக் கடைசிக்குள் பொது விமர்சனத் துறையின் தலைமைப் பொறுப்பையே அவரிடம் கொடுத்துவிட்டார்கள்! 1915 ஏப்ரலில் 'தி கன்சர்வேட்டிவ்' என்ற சொந்தப் பத்திரிகை. 1917-ல் சங்கத்தின் தலைவர்.

விமர்சகராக லவ்கிராஃப்ட் கறாரான வாத்தியார். 18-ம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதைதான் அவருக்கு உயிர். யாப்பு தவறினால் விடமாட்டார், புதுக்கவிதை என்றால் எரிந்து விழுவார். ஆனாலும் பொறுமையாக ஒவ்வொரு பத்திரிகையையும் படித்தார். பள்ளி மாணவர்களின் பத்திரிகையானாலும் சரி, பெரியவர்களுக்குக் கொடுத்த அதே கவனத்தைக் கொடுத்தார். விஸ்கான்சினில் மாரிஸ் மோ என்ற பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களை வைத்து நடத்திய மன்றத்தின் பத்திரிகை 'தி பிப்பின்'. அதற்கும் வரிக்கு வரி விமர்சனம் எழுதினார். பிராவிடன்ஸ் நகரிலேயே இரவுப் பள்ளியில் படித்த தொழிலாளர் குடும்பத்து இளைஞர்கள் சிலர் ஒரு மன்றம் வைத்திருந்தார்கள். அவர்களுக்கும் கூட இருந்து உதவினார். 1915-லும் 1916-லுமாக அவர்களுடைய பத்திரிகை இரண்டு இதழ்கள் வந்தது.

இனி மறுபக்கம். லவ்கிராஃப்டின் இனவெறி ஊரறிந்தது. சொந்தப் பத்திரிகையிலேயே அதை வெளிப்படையாக எழுதினார். ப்ரூக்ளினைச் சேர்ந்த யூத இளைஞர் சார்ல்ஸ் ஐசக்ஸன் 1915-ல் தன் பத்திரிகையில் அதைக் கண்டித்தார். ஐசக்ஸனுக்கு ஆதரவாக ஜேம்ஸ் மோர்ட்டன் களத்தில் இறங்கினார். 1906-லேயே இனத் துவேஷத்தை எதிர்த்து நூல் எழுதியவர் அவர். லவ்கிராஃப்டுக்குக் கிடைத்த முதல் வாசகர்களில் அவரை நேருக்கு நேர் எதிர்த்தவர்களும் இருந்தார்கள் என்பது முக்கியம். மோர்ட்டன் பின்னாளில் அவருடைய நெருங்கிய நண்பரானார். ஆனாலும் லவ்கிராஃப்ட் இந்த விஷயத்தில் முழுதாக மாறினார் என்று சொல்ல முடியாது.

ஒரு வாசகரின் சொல்

லவ்கிராஃப்ட் 1908-க்குப் பிறகு கதை எழுதுவதையே விட்டிருந்தார். தனக்குக் கதை வராது என்பது அவருடைய முடிவு. சங்கத்தில் செய்யுளும் கட்டுரையும்தான் எழுதிக்கொண்டிருந்தார். 1908-ல் எழுதிய 'தி ஆல்கெமிஸ்ட்' என்ற பழைய கதை மட்டும் 1916 நவம்பரில் சங்க ஏட்டில் வெளியானது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஏத்தல் என்ற ஊரைச் சேர்ந்த பால் குக் அதைப் படித்தார். அச்சுத் தொழில் தெரிந்தவர், 'தி வேக்ரன்ட்' என்ற அமெச்சூர் பத்திரிகையின் ஆசிரியர். உங்களுடைய வழி இதுதான், கதை எழுதுங்கள் என்று விடாமல் வற்புறுத்தினார். 1917 கோடையில் லவ்கிராஃப்ட் 'தி டூம்', 'டேகன்' என்ற இரண்டு கதைகளை எழுதினார். 'டேகன்' 1919 நவம்பரில் குக்கின் பத்திரிகையில் வந்தது. நான்கு வருடம் கழித்து, 1923 அக்டோபரில், 'வியர்டு டேல்ஸ்' என்ற வணிகப் பத்திரிகை அதே கதையைக் காசு கொடுத்து வெளியிட்டது. அதற்கு முன்பு 1922-ல் கதைக்கென்று முதல் சம்பளம் கொடுத்த 'ஹோம் ப்ரூ' பத்திரிகையை நடத்தியவரும் அமெச்சூர் வட்டத்து நண்பர்தான். ஒரு அத்தியாயத்துக்கு 5 டாலர்.

கணக்குப் பார்த்தால், ஒரு கடித யுத்தத்தைக் கவனித்த டாஸ், ஒரு பழைய கதையைப் படித்த குக். இந்த இரண்டு பேர் இல்லையென்றால் இன்றைக்கு உலகம் முழுவதும் படிக்கப்படும் அந்தக் கதைகளில் எத்தனை எழுதப்பட்டிருக்கும்? சங்கம்தான் தனக்கு வாழ்க்கையையே திருப்பிக் கொடுத்தது என்கிற பொருளில் லவ்கிராஃப்டே 1921-ல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்.

தரமா, தாராளமா?

இவ்வளவு நன்றாகப் போன சங்கம் ஏன் அழிந்தது? இதுதான் கதையின் கசப்பான பகுதி.

லவ்கிராஃப்டும் அவருடைய நண்பர்களும் சங்க ஏட்டை நல்ல இலக்கிய ஏடாக மாற்ற நினைத்தார்கள். நோக்கம் நல்லதுதான். தரமான எழுத்துக்கு இடம் கொடுத்தார்கள். ஆனால் தரமான எழுத்து என்று அவர்கள் கருதியதைப் பெரும்பாலும் எழுதியது அவர்களுடைய நண்பர்களே! சாதாரண உறுப்பினர்களுக்கு எரிச்சல் வந்தது. ஏடு ஒரு கோஷ்டியின் கையில் போய்விட்டது, எங்களுக்கு இடமில்லை என்றார்கள். 1922 தேர்தலில் லவ்கிராஃப்டின் அணி தோற்றது. பின்னர் திரும்பி வந்தது. ஆனால் அதற்குள் சங்கத்தில் உற்சாகம் வடிந்துவிட்டது. 1920களின் பிற்பகுதியில் லவ்கிராஃப்ட் சார்ந்திருந்த ஐக்கிய சங்கம் ஓசையின்றி அடங்கிப்போனது.

இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. வந்ததை எல்லாம் அச்சிட்டு, எல்லாவற்றையும் பிரமாதம் என்று புகழ்ந்தால் படிப்பவருக்கு அலுத்துப்போகும். படிப்பவர் போய்விட்டால் புதியவருக்கு மிஞ்சுவது வெறும் அச்சுத்தாள்தான். அதே சமயம், தேர்ந்தவர்கள் தங்களுக்குள்ளேயே படித்துத் தங்களுக்குள்ளேயே பாராட்டிக்கொண்டால் புதியவர் வாசலோடு நின்றுவிடுவார். அந்தச் சங்கத்தின் பலமே புதியவருக்குக் கொடுத்த கவனம்தான். அந்தக் கவனம் குறைந்த பிறகு அங்கே இருப்பதற்குக் காரணம் என்ன? தரத்தைக் காப்பாற்றினார்கள், ஆளைக் கோட்டை விட்டார்கள்.

கைமாறிய கடன்

சங்கம் போனாலும் பழக்கம் போகவில்லை. லவ்கிராஃப்ட் கடைசி வரை முன்பின் தெரியாத இளைஞர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1933-ல் ராபர்ட் ப்ளாக் என்ற பள்ளி மாணவர் அவருக்கு ரசிகர் கடிதம் எழுதினார். லவ்கிராஃப்ட் பதில் போட்டதோடு, நீயும் கதை எழுது என்று தூண்டினார். எழுதியதைப் படித்துக் கருத்துச் சொன்னார். அந்த மாணவர்தான் 1959-ல் 'சைக்கோ' நாவலை எழுதியவர். ஹிட்ச்காக் அதை 1960-ல் படமாக்கினார். டாஸும் குக்கும் லவ்கிராஃப்டுக்குச் செய்ததை லவ்கிராஃப்ட் ப்ளாக்குக்குச் செய்தார். வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுக்க முடியாத கடன் இது. அடுத்து வருகிறவருக்குத்தான் கொடுக்க முடியும்.

இன்னொரு கிளை விஞ்ஞானக் கதைகளின் பக்கம் போனது. ஹியூகோ கெர்ன்ஸ்பாக் 1926-ல் தொடங்கிய 'அமேஸிங் ஸ்டோரீஸ்' பத்திரிகை வாசகர் கடிதங்களை முகவரியோடு வெளியிட்டது. வாசகர்கள் ஒருவருக்கொருவர் நேரடியாக எழுதிக்கொண்டார்கள். பிறகு சொந்தப் பத்திரிகைகள் ஆரம்பித்தார்கள். க்ளீவ்லாண்டில் ஜெர்ரி சீகல் என்ற மாணவர் 1933-ல் தன் சிறு பத்திரிகையில் சூப்பர்மேன் என்ற பெயரில் ஒரு பாத்திரத்தை எழுதினார். அது வில்லன்! ஐந்து வருடம் கழித்து 1938-ல் ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட நாயகன்தான் உலகம் அறிந்த சூப்பர்மேன். ரே ப்ராட்பரியும் 1939-ல் இப்படி ஒரு சிறு பத்திரிகை நடத்தியவர்தான்.

1937-ல் டொனால்ட் வொல்ஹைம் அமெச்சூர் சங்கங்களின் மாதிரியிலேயே விஞ்ஞானக் கதை ரசிகர்களுக்கு ஒரு சங்கத்தை அமைத்தார். ஒவ்வொருவரும் தன் பத்திரிகையின் பிரதிகளை ஒரே இடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே எல்லாவற்றையும் கட்டாகக் கட்டி எல்லோருக்கும் அனுப்புவார்கள். குறிப்பிட்ட அளவாவது எழுதாதவர் உறுப்பினராக நீடிக்க முடியாது. போன கட்டில் வந்தவற்றைப் பற்றி அடுத்த கட்டில் கருத்து எழுதுவது அங்கே வழக்கமானது. 1870களின் பண்டமாற்றும் நாலு வரி விமர்சனமும் புதுச் சட்டை போட்டு வந்துவிட்டன!

லவ்கிராஃப்ட் 1937 மார்ச் 15 அன்று இறந்தார். பெரிய பதிப்பகம் எதுவும் அவருடைய கதைகளைப் புத்தகமாகப் போடவில்லை. அவரோடு வருடக்கணக்கில் கடிதம் எழுதிப் பழகிய ஆகஸ்ட் டெர்லெத், டொனால்ட் வான்ட்ரே என்ற இரண்டு இளைஞர்கள் அதற்காகவே சொந்தமாக ஒரு பதிப்பகம் தொடங்கினார்கள். 1939-ல் முதல் தொகுப்பு வந்தது. அச்சடித்தது 1,268 பிரதிகள். அவை விற்றுத் தீரச் சில வருடங்கள் பிடித்தன. லவ்கிராஃப்டின் பெயர் பிழைத்தது அந்த இருவரால்தான்.

ஆக, "வாசகரைச் சேர்ப்பது எப்படி?" என்று புதிதாக எழுத வருகிறவர் கேட்டால் இந்த வரலாறு தரும் பதில் கொஞ்சம் விசித்திரமானது. முதலில் இன்னொருவரின் வாசகராக இரு. முழுதாகப் படி. படித்ததை அவருக்குச் சொல். பெயரும் நிறமும் பார்த்துப் படிக்காதே. ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்த வரலாறு ஒன்று சொல்கிறது. ஆயிரம் வாசகரைப் புதியவருக்கு யாராலும் பிடித்துத் தர முடியாது. ஆனால் முதல் வாசகராக இருக்க யாராலும் முடியும். டாஸ் செய்தது ஒரு கடிதப் பக்கத்தைக் கவனமாகப் படித்து, இரண்டு பேருக்கு அழைப்பு அனுப்பியது மட்டும்தான். அதற்குச் செலவு சில தபால் தலைகள்!